மற்றும் பலர்

வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் தேர்வுக்குழுவுக்குப் போயாக வேண்டும்.
ஒட்டீலியா சிமாங்கோ, பெய்ரா, மொசாம்பிக்.
வெளியான கட்டுரைகள் நாற்பத்தேழு.
தட்டச்சு செய்கிறவன் ஸெஃபெரீனோ.
ஏழெட்டுக் கட்டுரைகளில் நானும் உண்டு.
மூன்று பெயருக்கு மேல் அச்சிட மாட்டார்கள் என்பதால்
"மற்றும் பலர்" என்பதற்குள் இருக்கிறேன்.
நெரிசலான இடம்தான்.
பனிக்கட்டிப் பெட்டியைத் தலையில் சுமந்து
இடுப்பளவு நீரில் நடந்த டெல்ஃபினா,
வண்டி நின்றுபோனால் திட்டிக்கொண்டே தள்ளும் ஜெர்வாசியோ,
எல்லோரும் அதற்குள்தான்.

ஆண்டுவாரியாக அடுக்கினால்
மழைக்காலங்கள்தான் வரிசையில் வந்து நிற்கின்றன.
ஜனவரியில் வாந்தி. ஜூனில் முதல் வரைவு.
அச்சு மறு ஆண்டில், அல்லது அதற்கும் மறு ஆண்டில்.
காலராவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
ஒன்பதாவது கட்டுரை வெளிவந்த அன்று
அது குற்றம் சொன்ன கிணற்றை எப்போதோ மண் போட்டு மூடியிருந்தார்கள்.
மேலே சாக்கு விரித்து
ஒருத்தி தக்காளி விற்றுக்கொண்டிருந்தாள்.

பதினான்காவதை நான்கு இதழ்கள் திருப்பி அனுப்பின.
"உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே உடையது" என்றது ஒன்று.
உள்ளூரில்தானே செத்தார்கள் என்று
அவர் எழுதிய பதிலை நான் அனுப்பவில்லை.
இன்னும் வரைவுகளில் கிடக்கிறது.

போர்த்துகீசியத்தில் எழுதிய ஆறும் கணக்கில் வராதாம்.
ஒரு வாளிக்கு எத்தனை மூடி குளோரின் என்று
முன்ஹாவா செவிலியர்கள் சுவரில் ஒட்டிவைத்திருப்பது
அந்த ஆறில் ஒன்றிலிருந்து கிழித்த தாள்.

முப்பத்தொன்று
எல்லோரும் மேற்கோள் காட்டுவது.
புயலுக்குப் பின் நாற்பத்திரண்டு மரணங்கள், மூன்று வரைபடங்கள்.
அது வெளிவந்து ஐந்து மாதம் கழித்து ஓர் இரவு
அட்டவணை இரண்டில் அவர் விரல் நின்றது.
ஒரே சந்து, ஒரே தேதி, மூன்று வயதுப் பெண் குழந்தைகள் இருவர்.
அல்பெர்தீனா. ரூடோ.
சிகிச்சைக் கூடாரத்தில் அப்பா சொன்னது தேவாலயப் பெயர்.
வீடு வீடாகக் கேட்டபோது
அம்மா சொன்னது வீட்டுப் பெயர்.
இரண்டு சீட்டிலும் என் கையெழுத்து.

உறுதிசெய்யப் போனோம்.
அந்த அம்மா மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள்.
நாங்கள் இருவர் என்று எண்ணிவிட்டோம்,
ஒருவர்தான் என்று
ஒட்டீலியா மெதுவாக, இரண்டு தடவை விளக்கினார்.
அவள் கையைத் துடைக்காமலே எழுந்து கேட்டாள்:
"அப்படியானால் ஒருத்தி இருக்கிறாளா?"

என்ன பதில் சொன்னார் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை.
குறிப்பேடு கையில்தான் இருந்தது.

பிறகு வந்தது திருத்தம், ஒன்றரை வரி:
நாற்பத்திரண்டு என்பதை நாற்பத்தொன்று என வாசிக்கவும்.
முடிவுகளில் மாற்றமில்லை.
இரண்டாவது வாக்கியம் இதழ்க்காரர்கள் சேர்த்தது.

இப்போது படிவம் கேட்கிறது:
தங்கள் மிகச் சிறந்த ஐந்து படைப்புகள்.
நான்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.
ஐந்தாவதில் அந்த ஒன்றரை வரி.
குழு சிரிக்கும் என்றேன்.
சிரித்தால் சிரிக்கட்டும், எழுத்துப்பிழை இல்லாமல் அடி என்றார்.

நான்காவதை அடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.
கூரைத் தகரத்தில் காது கேட்கவில்லை.
தொலைபேசியில் ப்ரையா நோவாவிலிருந்து ஒரு தகப்பன்,
பையன், நாலு வயது, விடியலிலிருந்து.
பென்சிலை எடுக்கிறேன்.
சத்தமாகச் சொல்லுங்கள், பெயர் என்ன?
சரி.
வீட்டில் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவீர்களா?