பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

குதைபியாவில் ஒரு கட்டடத்தின்
அடித்தளக் கார் நிறுத்தத்தில் ஒத்திகை.
வெள்ளிக்கிழமை தோறும்.
பி-4 என்று எழுதிய தூணை ஒட்டி
சாக்பீஸால் ஒரு சதுரம்:
அதுதான் லிஃப்ட். அதற்குள் ஏழு பேர்.
யாராவது காரைப் பூட்டினால்
அந்தக் கீச்சொலிக்கும் சுருதி சேர்ப்பார்
கீபோர்டு இருதயசாமி.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
பாடக் கூப்பிடவில்லை என்னை.
கதவு எந்த வேகத்தில் மூடும்,
நிற்கும்போது எப்படிக் குலுங்கும்,
அதைக் காட்டத்தான்.

மெர்வின் எழுதி வைத்திருந்தார்:
விளக்கு அணைகிறது, பெட்டி நிற்கிறது,
ஏழு பேரும் பாடுகிறார்கள்.

நடக்காது சார், என்றேன்.
சிக்கிக்கொண்டவர்கள் உடனே பாடுவதில்லை.
முதலில் பொத்தான்.
எரிகிற பொத்தானையே மறுபடி மறுபடி.
அப்புறம் ஒரு சிரிப்பு.
கையில் கடிகாரம் கட்டியவரே மணி கேட்பார்.
பிறகு முன்பின் தெரியாத ஆளிடம்
தன் சர்க்கரை அளவைச் சொல்வார், சம்பளத்தைக்கூட.
அதுவும் தீர்ந்ததும் அமைதியாகிவிடும்.
மேலே ஷாஃப்டில் தொங்கிக்கொண்டு
நான் அதைக் கேட்டிருக்கிறேன்.
அப்போது யாரோ ஒருவர், தனக்கே தெரியாமல்,
மூக்கால் எதையோ முனகுவார்.
அங்கே வையுங்கள் உங்கள் பாட்டை.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் கோடு போடுவதுபோல
முதல் பாட்டை அடித்தார் மெர்வின்.
இருதயசாமி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
நல்ல மெட்டு அது. இப்போதும் சொல்கிறேன்,
குளிக்கும்போது அதைத்தான் பாடுகிறேன்.
நாடகத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை,
அவ்வளவுதான்.

மேலாளராகத் தண்ணீர் டேங்கர் ஓட்டும் அன்வர்தீன்.
தரை துடைப்பவளாக டயாலிசிஸ் நர்ஸ் ஜெசிந்தா.
அவர் வீட்டுக் கடனைப் பாடுகிறார்,
அவள் அவர் நிறுத்திவைத்த மூன்று மாதச் சம்பளத்தை.
ஒரே நேரத்தில்.
இதையே பேசியிருந்தால் தெருச்சண்டை.
பாடும்போது இரண்டும் கேட்கிறது,
அவர் குரல் தணியும் சந்தில் இவள் ஏறுகிறாள்,
யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல்
டார்ச்சும் பிரதியுமாய்
நான் பக்கம் புரட்ட மறந்தேன்.

ஈசா டவுன் பள்ளி அரங்கு. நிகழ்ச்சி இரவு.
கடைசிக் காட்சியில் கதவு திறக்க வேண்டும்.
நான் செய்த பிளைவுட் கதவு.
ஈரக்காற்றில் ஊதிப்போய்
உண்மையாகவே சிக்கிக்கொண்டது.

பாட்டு முடிந்தது. கதவு அசையவில்லை.
ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்தேன்.
மெர்வின் என் மணிக்கட்டைப் பிடித்தார்:
"தொடாதே."

உள்ளே ஜெசிந்தா முனகத் தொடங்கினாள்.
முதல் காட்சியின் அதே முனகல், கொஞ்சம் கீழே.
செவ்வாய்க்கிழமையே தொண்டை போன அன்வர்தீன்
பாடவேண்டிய வரியைப் பேசினார்,
பாதிக் காற்றில்:
"உன் பேர் என்ன என்று
நான் கேட்டதே இல்லை."
பிரதியில் அது எட்டாம் பக்கத்து வரி.
எட்டாம் பக்கத்தில்
யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.
இருதயசாமி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.
நான்கு நிமிடம், எழுதப்படாதது.
முதல் வரிசை விளம்பரதாரர்
போனைக் கவிழ்த்து வைத்தார்.
கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள்
பின்வரிசையில் எழுந்து நின்றிருந்தார்கள்,
கைதட்டக் கூடத் தோன்றாமல்.

பெரிய நாடகம் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.
மூன்றாம் பாட்டு நீளம்.
வெளிச்சம் ஒருமுறை தப்பான ஆள்மேல் விழுந்தது.
அந்த நான்கு நிமிடத்தில்
நான் வாயில் ஆணிகளைக் கவ்வியிருந்தேன்,
விழுங்காமல் இருந்ததே பாக்கியம்.

ஞாயிறு காலை ஜுஃபேரில் அழைப்பு.
பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
இரண்டு பேர்.
கதவைத் தட்டினேன். பத்து நிமிஷம், என்றேன்.
பொத்தான். மறுபடி பொத்தான்.
ஒரு சிரிப்பு.
ஒருவர் மணி கேட்டார்.
அப்புறம் சத்தமே இல்லை.

சாவி என் கையில்தான் இருந்தது.
இன்னும் எட்டு மாத்திரை பொறுத்தேன்.
பிறகு வெட்கமாகிவிட்டது,
திறந்தேன்.