மார்ச் மாதத்துத் தாள்

புந்தா அரேனாஸில் பெருங்காற்று வீசும் மாதங்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
விழுந்தவரிடம் யாரும்
நடக்கத் தெரியாதா என்று கேட்பதில்லை.

அந்த ஊர் மருத்துவமனையின் அடித்தளத்தில்
கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் என் மேசை.
தவறுகளை வாசிப்பது என் வேலை.
கட்டிலிலிருந்து விழுந்தவர்கள்,
இடது என்று எழுதப்பட்ட வலது முழங்கால்,
ஆறு மணி மாத்திரை ஒன்பது மணிக்கு,
சர்க்கரை நோயாளிக்குப் போன பக்கத்துக் கட்டிலின் கேக்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்.
தாளின் தலையில் ஒரு கட்டம்:
நேர்ந்ததா, நேரவிருந்ததா?

நேரவிருந்தவை எனக்குப் பிடிக்கும்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதைகள்.
ஒரு பெருமூச்சு விட்டு
கீழ்த்தட்டில் போட்டுவிடலாம்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி ஃப்ரெசியா எழுதினாள்,
மூன்றாம் மாடி, பச்சை மையில்:
"இரண்டு குப்பிகளும் ஒரே உயரம். ஒரே நீல மூடி.
ஒன்று சாதாரண உப்புநீர். மற்றது பொட்டாசியம்.
ஒரே இழுப்பறையில் கிடக்கின்றன.
இன்று என் கைக்கு வந்தது தப்பான குப்பி.
ஜன்னலோரம் போனதால் எழுத்து தெரிந்தது.
திரும்ப வைத்துவிட்டேன்.
இரவில் ஜன்னல் உதவாது."

கடைசி வரியை
நான் ஜூலையில்தான் படித்தேன்.

ஜூலையில் இங்கே விடிவதற்குக் காலை பத்து மணி ஆகும்.
டான் எவரிஸ்டோ, நண்டுப் படகில் நாற்பது வருடம்,
குடலிறக்க அறுவை நல்லபடியாக முடிந்து
மறுநாள் வீடு போக வேண்டியவர்.
நான்கே கால் மணிக்கு யசெனியா
அவர் கையில் ஏற்றியிருந்த குழாயைக் கழுவிவிட
உப்புநீர் எடுத்தாள்.
எடுத்ததும் உப்புதான்.
மற்ற உப்பு.

"யார்?" என்றார் இயக்குநர்.
கூட்டத்தில் எல்லோரும் மேசையைப் பார்த்தோம்.
இழுப்பறைக்கு மேலே பல்பு எரியாமல் ஒன்பது நாள்.
அவளுக்கு அது பதினான்காவது மணி நேரம்.
பிப்ரவரியில்தான் குப்பி வாங்கும் கம்பெனியை மாற்றியிருந்தோம்,
விலை குறைவு என்று.
யார் என்பதற்கு என்னிடம் ஒரு தாள் இருந்தது.
"பெறப்பட்டது" என்ற இடத்தில்
என் கையெழுத்து, கொஞ்சம் அலங்காரமாகவே.

எடுத்து நடுவில் வைத்தேன்.

மகள் ரோமினா வந்தபோது
எதையும் மறைக்க வேண்டாம் என்று முடிவாகியிருந்தது.
வக்கீலுக்கு மட்டும் அதில் சம்மதமில்லை.
பாதி சொல்லும்போதே எழுந்து
அந்த இழுப்பறையைக் காட்டுங்கள் என்றாள்.
இரண்டு குப்பிகளையும் கையில் எடுத்துக்கொண்டு
தானே போய் விளக்கை அணைத்தாள்.
இருட்டில் கண்ணாடி உரசும் சத்தம்.
"இதில் எது என் அப்பாவுக்கு?"

டாக்டர்கள் இருவர், தலைமை நர்ஸ், நான்.
ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது பொட்டாசியம் எந்த மாடியிலும் இல்லை.
கீழே மருந்தகத்தில், பூட்டுக்குள்,
இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும்.
ஏறி இறங்கி முட்டி தேய்கிறது என்று திட்டுகிறார்கள்.
அதையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறேன்.

யசெனியா அக்டோபரில் திரும்பி வந்தாள்.
பகல் ஷிப்ட் மட்டும்.
எதை எடுத்தாலும் பெயரை வாய்விட்டு வாசிக்கிறாள்,
தண்ணீர் பாட்டிலைக்கூட.
ஃப்ரெசியா லிஃப்டில் என்னோடு பேசுவதில்லை.
ஆனால் எழுதுகிறாள்.

நேற்று வந்தது, அதே பச்சை மை:
"மருந்தகத்துக்கு இறங்கும் மாடிப்படியில்
நான்காவது படி வழுக்குகிறது.
இதுவரை யாரும் விழவில்லை."

வெளியே தெருமுனையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.
தாளைத் தட்டில் போடாமல்
கையில் பிடித்தபடியே ஏறிப் போனேன்.
நான்காவது படியில் காலை வைத்து
அழுத்திப் பார்த்தேன்.

வழுக்கியது.