கடலுக்கு ஒரு முழம் கீழே

எங்கள் ஊருக்கு மலை கிடையாது.
ஆலைக்குப் பின்னால் குவித்த
செம்பனைச் சக்கைதான் உச்சி;
மழைநாளிலும் அது புகையும்.

பாரிட் மூன்றில் பள்ளிக்கூடம், நான்கில் முனியாண்டி,
ஐந்தில் அலாவுதீன் ரொட்டிக் கடை.
ஆறு?
ஆறைக் கம்பெனி வெட்டவே இல்லை.
ஏனென்று கேட்டால்
கிராணி ஏழைக் காட்டுவார்.

மேற்கே காற்றடித்தால் உப்பு,
கிழக்கே என்றால் ஆலை எண்ணெய்.
கண்ணைக் கட்டி விட்டாலும்
வீடு போய்ச் சேரலாம்.

கடல் விட்டுக்கொடுத்த தரையில்லை இது,
மறித்து வைத்திருப்பது.
பண்டுக்கு அந்தப் பக்கம் கண்டல் காடு,
இந்தப் பக்கம் எங்கள் துணிக்கொடி.
நடுவில் நான்,
நீர்க்கதவின் துருச்சக்கரத்தோடு.
ஓதம் ஏறினால் இறக்கு.
வற்றினால் தூக்கு.
பௌர்ணமிக்கு மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள்;
எனக்கு கிரீஸ் டின்னும் டார்ச்சும்.

இன்று மகள் யுகேஸ்வரி
பள்ளியில் வரைந்த 'என் ஊர்' காட்டினாள்.
மூன்று மலை, இடையில் சூரியன்.
தைப்பிங்கூடப் போனதில்லை அவள்.
டீச்சர் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறார்.

அழிக்கச் சொல்லவில்லை.
மலைகளுக்கு அடியில் ஒரு கோடு இழுத்தேன்.
"ரோடாப்பா?"
"பண்டு."
கொஞ்சம் யோசித்தாள்.
கோட்டுக்கு மேலே நீலம் அடிக்கத் தொடங்கினாள்,
மலை பாதி முழுகியும் நிறுத்தவில்லை.

மணி ஐந்தரை.
ஆறேகாலுக்கு ஓதம்.
சைக்கிளைத் தேடுகிறேன்.