முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

நிலம் குலுங்கி நான்காம் நாள்.
கோபே நகரத்துக் குழாய்கள் எல்லாம் ஊமை.
பள்ளி மைதானத்தில் நின்ற தண்ணீர் லாரியின் பின்னே
என் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கேனில் நீர் பிடிக்கிற பையன் கேட்டான்:
வீட்டில் எத்தனை பேர்?
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், என்றேன்.
சிரிக்கவில்லை. அவன் தூங்கி நாளாகியிருக்கும்.
ஆஸ்பத்திரியா?
இல்லை. முயல்கள்.

எங்கள் பேச்சில் முயலை எண்ணுவது
பறவையை எண்ணும் சொல்லால்.
இத்தனை சிறகு முயல் என்போம்.
அன்று ஏனோ
பேர் என்று வந்துவிட்டது வாயில்.

எனக்குப் பின்னால் நின்ற ஓகிடா
கெட்டிலைத் தரையில் வைத்தார்.
அவர் வீட்டுக் கூரை
அவர் மனைவியின் கால்மேல் இறங்கியிருந்தது.
முயலுக்கா, என்றார்.
அதில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

என்ன சொல்வது?
புல்லும் உலர்தீவனமும் தவிர
கொழுப்பென்று ஒரு துளி நாவில் படாத பிராணி அது.
ஆனாலும் காது நரம்பில் எடுத்த இரத்தத்தை
குழாயில் நிற்க வைத்தால்
மேலே தெளிய வேண்டிய நீர் தெளிவதில்லை;
அரிசி களைந்த கழுநீரில்
மஞ்சள் கரைத்ததுபோல் நிற்கும்.

கல்லீரலுக்குக் கதவுகள் உண்டாம்.
மிதந்து வரும் கொழுப்பை உள்ளே அழைத்துக்
கணக்குத் தீர்க்கும் கதவுகள்.
இவற்றின் உடலிலும் கதவு செய்யப்படுகிறது;
செய்த கதவு
நிலையில் வந்து பொருந்துவதில்லை.
தாயிடம் ஒரு பிழை, தந்தையிடம் அதே பிழை.
இரண்டும் கூடிய குட்டிக்கு
இளமையிலேயே இதயக் குழாய்கள் தடிக்கும்.

ஹிமேஜியிலிருந்து வரும் சவாகோவைச் சொல்லலாமா?
ஒன்பது வயது.
முழங்காலில், விரல் மூட்டுகளில்
மஞ்சள் முடிச்சுகள்.
முயல்களின் பாதத்திலும் அதே இடம், அதே நிறம்.
பதினைந்து நாளைக்கொருமுறை
அவள் இரத்தத்தை ஒரு இயந்திரம்
வாங்கி, வடித்து, திருப்பித் தருகிறது.
இந்த வாரம் மின்சாரம் இல்லை.
ஹிமேஜி ரயிலும் இல்லை.

சொல்லவில்லை.
இரண்டு கேனைக் கைவண்டியில் ஏற்றினேன்.
வரிசை வழிவிட்டது,
கொஞ்சம் அதிகமாகவே விலகி.

மலைப்பாதையில் பிளந்த தாரைச் சுற்றிப் போய்
கூடத்தின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன்.
மூத்திர நெடி. அதன்மேல் பசியின் அமைதி.
முயல் கத்தாது.
மூக்கு மட்டும் அசைந்தது, வரிசை வரிசையாக.

ஆளுக்கு அரைக் குவளை.
காதின் உட்புறம் 4471 என்று பச்சை குத்திய பெண்முயல்
குப்பியின் நுனியிலிருந்த உருண்டையை
நாக்கால் தள்ளித் தள்ளிக் குடித்தது.
அந்தச் சின்ன உலோகச் சத்தம்
கூடம் முழுக்கப் பரவியது.

நேற்று வியாழன்.
நேற்று இதன் முறை.
நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய தமனியை
நீளவாக்கில் கீறி,
கார்க் பலகையில் குண்டூசி குத்தி விரித்து,
புது மருந்து எவ்வளவு மஞ்சளைத் தடுத்தது என்று
டாக்டர் மினாமிடே அளந்திருக்க வேண்டும்.
பூமி தேதியை மாற்றிவிட்டது.
குடி, என்றேன்.
வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொய்யாக இருந்திருக்கும்.

மறுநாள் அதே வரிசை.
இம்முறை ஓகிடா எனக்கு முன்னால்.
திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:
உங்கள் ஆட்கள் குடித்தார்களா?
குடித்தார்கள்.
இரண்டு பேர் இரவில் போய்விட்டார்கள்.
ம், என்றார்.
கெட்டிலைப் பிடித்த கை சிவந்து வெடித்திருந்தது.

பையன் கேட்டான், எத்தனை?
முந்நூற்றுப் பத்து.

அவர் மனைவியின் கால் எப்படி இருக்கிறதென்று
நான் கேட்கவே இல்லை;
பாதி மலை ஏறிய பிறகுதான் நினைவு வந்தது.