சிவப்புப் புள்ளி

மோர்ப்பண்ணைக் கரையில் பதினான்கு மாதம்
நண்டு அளந்தவள் நான்.
வலையிலிருந்து பிடுங்கி நீட்டுவார்கள்.
துடுப்புக்கால் இரண்டையும் பின்னால் சேர்த்துப் பிடித்து
ஓட்டின் இந்த முள்ளுக்கும் அந்த முள்ளுக்கும்
வெர்னியரை வைத்து
எண்ணை உரக்கச் சொல்வேன்.
மோட்டார், ஏலம், காக்கை
எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும் என் குரல்.

அந்தக் குரலைத்தான்
ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில்
பதினொன்றரை மணிக்குக்
காணாமல் தேடினேன்.

முந்தின ராத்திரி கண்ணாடி முன்னால்
பன்னிரண்டு நிமிடப் பேச்சை ஒன்பதில் முடித்திருந்தேன்.
மறுபடி பேசினேன், ஏழு.
மூன்றாம் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
"எதிர்ல இருக்கிறவங்க எல்லாம்
நண்டுன்னு நெனச்சுக்க" என்றாள் அறைத்தோழி வகிதா.
அவள் நண்டை மிளகு போட்டு மட்டுமே அறிந்தவள்.
நண்டு இமைக்காது.
கண்ணை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு பார்க்கும்.

"அடுத்து, டால்பின் மேடம் பேசுவாங்க."
டெல்பினா சார், என்று திருத்தப் போனேன்.
மைக்கில் விழுந்தது மூச்சு மட்டும்.
தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கவில்லை.
புடவையில் பிடித்துத் திருகினேன், திறக்கவில்லை.
அதிகாரி ஒருவர் வாங்கித் திறந்து கொடுத்தார்,
அதற்கும் நன்றி சொல்ல வரவில்லை.

முதல் படம், கடல் வரைபடம்.
லேசரை அழுத்தினேன்.
மோர்ப்பண்ணையில் நிற்க வேண்டிய சிவப்புப் புள்ளி
வளை மறந்த குழிநண்டாய்
பக்கவாட்டில் ஓடியது.
தேவிபட்டினத்தில் ஏறி, காரங்காட்டில் இறங்கி,
நிறுத்த நிறுத்த
பாக் நீரிணையின் நடுவே போய்
எல்லைக்கோட்டைத் தாண்டி நடுங்கியது.

"ஏம்மா, அங்கிட்டுப் போகாதே!
பிடிச்சுட்டுப் போயிருவான்!"

மூன்றாம் வரிசை, தொண்டி சீனி இபுராம்சா.
அரங்கம் முழுக்கச் சிரித்தது.
படகை அக்கரையில் விட்டுவிட்டு
ஆள் மட்டும் திரும்பி வந்த இரண்டு பேர்
சிரிக்கவில்லை.
அவர்கள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம்,
பிறகு லேசரை அணைத்துப் பைக்குள் போட்டேன்.
போட்ட கையில் தட்டுப்பட்டது வெர்னியர்.
ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.
எடுத்துத் திருகைத் தளர்த்தி
ஒரு சினை நண்டின் அகலத்துக்கு விரித்துப் பிடித்தேன்,
அரங்கின் கடைசி வரிசைக்குத் தெரிகிற உயரத்தில்.
"இவ்வளவுதான் இருக்கு" என்றேன்.
"போன வருஷம் இவ்வளவு."
இரும்பு ஆடவில்லை.

"சினைய எல்லாம் விட்டுட்டு வந்தா
டீசலுக்கு யாரு காசு கொடுப்பா?"
மறுபடியும் இபுராம்சாதான்.
பதினெட்டாம் படத்தில் வர வேண்டிய கணக்கு
அப்போதே வாயில் வந்தது,
கரையில் எடைக்காரனோடு சண்டை போடுகிற வேகத்தில்.
அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன்.
மைக் எப்போது என்னை விட்டு விலகியது,
எப்போது நான் மேடையை விட்டு
இறங்கி வந்து நின்றேன்,
அதெல்லாம் வகிதா கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.
முழங்கால் மட்டும் கடைசிவரை ஆடியது.
புடவைக்குள் அது பாட்டுக்கு ஆடட்டும் என்று
விட்டுவிட்டேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.
"யோசிக்கலாம்" என்றார்.
தொண்டியில் அது பெரிய வார்த்தை என்கிறார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம்.
ஒன்பதாம் படத்தைக் காட்டவே இல்லை என்பது
தேவிபட்டினம் தாண்டித்தான் நினைவு வந்தது.
ஒருத்தரும் கேட்கவில்லையே.
லேசரை எடுத்துக் கூரையில் அடித்தேன்.
முன்சீட்டுக் குழந்தை அண்ணாந்து
பிடிக்கக் கை நீட்டியது.
புள்ளி நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பஸ்ஸா, கையா,
திருப்பாலைக்குடி வரைக்கும் பார்த்தேன்.