ஐந்தாவது புத்தகம்

திருத்துறைப்பூண்டியில் எனக்குப் பெயர் கிடையாது,
ஆர்டிக்காரம்மா.
இருபத்து மூன்று வருடமாக
என் டிவிஎஸ் ஃபிஃப்டியின் சத்தம் கேட்டதும்
சிலர் கதவைத் திறப்பார்கள்,
சிலர் கொல்லைப்பக்கம் போவார்கள்.
இரண்டு பேர்மேலும் கோபமில்லை.
நூற்றுக்கு நாலு ரூபாய் எனக்கு.

கலியபெருமாள் சார் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.
மொத்தமாய் நாற்பத்தொரு லட்சம் வந்தது.
போன மாதம் மோர் கொடுத்து
ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்.
"ஒரு நாளைக்கு ரெண்டு டீயைக் குறைச்சாப் போதும்மா,
இந்த ஜனங்களுக்குக் கணக்குத் தெரியல."
நல்ல மனிதர். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.
ஆனால் முப்பத்து நாலு வருடம்
அவர் கைக்கு வருமுன்னே
ஆபீசே பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தது.
பார்க்காத பணத்தை எப்படிச் செலவழிப்பார்?
மோரில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

பவுனாம்பாளுக்கு, பெயரில் இருப்பதோடு சரி பவுன்.
அவளுக்காகப் பிடித்துவைக்க ஆபீஸ் இல்லை.
நடவுக்கூலியைச் சேற்றுக் கையால் வாங்கி
அதே கையால்
தன்னிடமிருந்தே பறித்து
முள்ளியாற்றுப் பாலத்தில் நின்று என்னிடம் தருவாள்.
முந்தானை முடிச்சிலிருந்து வரும் நோட்டு
எப்போதும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

முதல் புத்தகத்தை நாற்பத்தொன்றாம் மாதம் மூடினோம்.
மகன் கால், தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி, உள்ளே கம்பி.
அடுத்தது, ஆற்றில் தண்ணீர் வராத வருடம்.
நடவே இல்லை.
நாலு தவணைக்கு மேல் தவறினால் புத்தகம் செத்துவிடும்.
செத்தது.
மூன்றாவதைப் புயல் கொண்டுபோனது, கூரையோடு.
நாலாவதற்கு மட்டும் நல்ல சாவு:
பெண் நர்சிங் சேர்ந்தாள்.
முடிக்கும் தாளில் கையெழுத்துப் போடும்போது
பவுனாம்பாள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவள் சேமிக்கவில்லை என்று யார் சொன்னது?
நாலு தடவை சேமித்திருக்கிறாள்.
கலியபெருமாள் சார் ஒரே தடவைதான்.

இப்படிச் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால்
பஞ்சர் கடைத் தங்கையன் என் கணக்கைக் கெடுக்கிறான்.
சம்பளமில்லை, பென்ஷனில்லை,
ஒன்பது லட்சம் வைத்திருக்கிறான்.
குடியில்லை, குடும்பமில்லை,
அறுபது வயதுவரை ஒரு காய்ச்சலில்லை.
காய்ச்சல் வராததை எந்தத் தவணையில் கட்டுவது?
ரிஜிஸ்தர் ஆபீஸ் உமாபதியோ
வந்த தொகை அத்தனையும் சீட்டுக்காரனிடம் போட்டுவிட்டு
எழுபதில் மருந்துக்கடையில் பில் எழுதுகிறார்.
எனக்கும் ஒரு புத்தகம் உண்டு.
இருபத்தேழாம் மாதத்தில் நிற்கிறது.
பாதிக்குக் கடன் எடுத்தாகிவிட்டது.

மேட்டூர் திறந்தால்
கல்லணைக்கு மூன்று நாள், நாலு நாள்.
எங்களுக்குப் பத்துக்கு மேல்,
வந்தால்.
கடைமடையில் பயிர் காய்ந்தால்
விதைத்தவன் சோம்பேறி என்று
தலைமடைக்காரர்கூடச் சொல்வதில்லை.
பணத்துக்குத்தான் சொல்வார்கள்.

நேற்று ஐந்தாவது புத்தகம்.
வயது ஐம்பத்தொன்பது, மாதம் முந்நூறு.
விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன்.
"நாமினி யாரைப் போட?"
"அப்படின்னா?"
"ஒனக்கப்புறம் இந்தப் பணம் யாருக்கு?"
பாலத்தின் கீழே ஆகாயத்தாமரை நகராமல் கிடந்தது.
வேதாரண்யம் பஸ் ஒன்று போனது.
"என்னையே போடுங்கம்மா."
"செத்தவங்க வாங்க முடியாது பவுனு."
"அதத்தான் சொல்றேன்.
இந்த ஒரு தடவை
உசுரோட இருக்கறப்ப நானே வாங்கணும்."

கட்டத்தைக் காலியாக விட்டால்
கவுன்டரில் திருப்பிவிடுவார்கள்.
பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன்.