நீர்மட்டம்

ஆறாயிரம் லிட்டர் என் முதுகுக்குப் பின்னால் தளும்பும்.
பிரேக்கை மிதித்தால்
தண்ணீருக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரியும்,
வண்டியை முன்னால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு நிற்கும்.
மாரத்தஹள்ளியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும்,
அதாவது என் ஹாரனை.

"நல்ல தண்ணிதானே?"
குழாயைச் சம்ப்புக்குள் இறக்கும்போது
செக்யூரிட்டி கேட்பார், செக்ரட்டரி கேட்பார்,
நாயோடு நடக்கும் அம்மா ஆங்கிலத்தில் கேட்பார்.
"நல்ல தண்ணி சார்."
மூன்று மொழியில் சொல்லப் பழகிவிட்டேன்.
எந்த போர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வீட்டில் இரண்டு பட்ஜி.
பச்சை, ராகி. நீலம், ஜோளா.
அன்சிலா வைத்த பெயர். தின்பதென்னவோ தினை.
இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் குடிப்பது
மாத்திரை விழுங்க நான் குடிக்கும் ஒரு மடக்குகூட இல்லை.

முதலில் கிண்ணம்தான் வைத்தோம்.
ஜோளா அதில் குளித்தது.
ராகி மேல்கம்பியில் உட்கார்ந்து
குறிபார்த்து எச்சமிட்டது.
உமி மிதந்து, மத்தியானத்துக்குள் விரலில் வழுவழுப்பு.
சிவாஜிநகர் கடைக்காரர் சொல்லித்தான்
மூக்கில் ஸ்டீல் குண்டு உருளும் பாட்டில் வாங்கினோம்.
அலகால் தட்டினால் ஒரு சொட்டு.
தட்டினால் இன்னொன்று.
காலையும் மாலையும் மாற்ற வேண்டும், பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும்;
அன்சிலா நோட்டில் கட்டம் போட்டு டிக் அடிக்கிறாள்.

அந்தப் பாட்டிலுக்குள் நான் ஓட்டும் தண்ணீர் போனதில்லை.
பேசி எடுத்த முடிவல்ல.
சர்ச் பக்கத்து மெஷினில் ஐந்து ரூபாய்க் காசு போட்டால்
இருபது லிட்டர் கேன் நிறையும்.
சகாயமேரி அதிலிருந்து முதலில் அதுங்களுக்கு ஊற்றுவாள்,
பிறகு எங்களுக்கு.

மார்ச் மூன்றாம் வாரம் மெஷினில் அட்டை தொங்கியது:
நீரில்ல.
கன்னடம் தெரியாதவனுக்கும் புரியும் கன்னடம்.
மூன்று நாள் கேனைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினோம்.
நாலாம் நாள் ராத்திரி
என் வண்டி வால்விலிருந்து ஒரு சொம்பு பிடித்தேன்.
துணியில் வடிகட்டி,
கொதிக்கக் கொதிக்கப் பார்த்துக்கொண்டு நின்று,
விடியும்வரை ஆறவிட்டு.
பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
சகாயமேரி பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தால்
பாட்டிலில் தண்ணீர், ஊற்றிய கோட்டிலேயே.
ஒரு சொட்டு குறையவில்லை.
ராகி உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் இருந்தது.
ஜோளா வாயைத் திறந்து திறந்து மூடியது.
"அதுங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுப்பா" என்றாள் அன்சிலா.

சாவி கையிலேயே இருந்தது.
ஹொரமாவு, பாணத்தூர், கசவனஹள்ளி.
எத்தனை சம்ப். எத்தனை குழந்தைகளின் பால் பாட்டில்.
செக்யூரிட்டி, செக்ரட்டரி, நாய்க்கார அம்மா
எல்லோரும் கூண்டுக்குள் வரிசையாக உட்கார்ந்து
தலையைச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்ப்பது போலிருந்தது.

சகாயமேரிதான் உள்ளே கை விட்டாள்.
சுண்டுவிரல் நகத்தால் குண்டை அழுத்தினாள்.
அசையவில்லை.
கொண்டையூசியால் நெம்பினாள்,
இறுகிக் கிடந்த உமித்துணுக்கு தெறித்தது.
டக்.
குமிழி ஒன்று மேலே ஏறியது.
அவள் விரலில் விழுந்த சொட்டை
ராகி விரலிலேயே குடித்தது.
ஜோளா அதை இடித்துத் தள்ளிவிட்டு வந்தது.
டக் டக் டக்.

உமிதான். வெறும் உமி.
அன்சிலா கைதட்டிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

அடுத்த லோடு கசவனஹள்ளி.
குழாயை இறக்கினேன். செக்யூரிட்டி வழக்கம்போல் கேட்டார்.
"காய்ச்சிக் குடிங்கண்ணா" என்றேன்.
அவர் பதில் சொல்லாமல்
குனிந்து சம்ப்புக்குள் எட்டிப் பார்த்தார்.
மட்டம் ஏறிக்கொண்டிருந்தது.